காலை ஷிப்ட், நாலாம் நாள்

ஒரே விஷயம் பல தடவை நடப்பதை ஆங்கிலத்தில் சொல்ல என்னிடம் முப்பத்தொரு வழிகள் இருந்தன. சும்மா அளக்கவில்லை. நீல அட்டை போட்ட நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். ‘அகெய்ன் அண்ட் அகெய்ன்’ என்றால் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அலுத்துவிட்டது என்று அர்த்தம். ‘ஓவர் அண்ட் ஓவர்’ என்றால் செய்கிறவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. ‘டைம் ஆஃப்டர் டைம்’ என்றால் யாரோ யாரையோ நம்பி ஏமாந்திருக்கிறார்கள். ‘ஃப்ரம் டைம் டு டைம்’ இருக்கிறதே, அது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது. எப்போதாவது நடக்கும், பெரிதாக ஒன்றுமில்லை. நம்முடைய ‘திரும்பத் திரும்ப’ இத்தனை வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்த்துவிடும், பெரிய குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள். எங்கே யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவள் நான் என்கிற மண்டைக்கனம் எனக்கு நிறைய இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மூன்று மேஜை, ஒரு பிரிண்டர், காய்ந்து போன மைத்தட்டு, மூன்றாம் நம்பரில் வைத்தால் மட்டும் முனகுகிற மின்விசிறி. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டம், வீட்டுப் பத்திரம் என்று வந்துகொண்டே இருக்கும். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எனக்கு அவர் வைத்த பெயர் அகராதி. என் ஆங்கிலத்துக்காக மட்டும் அந்தப் பெயரை வைக்கவில்லை, என் வாய்க்காகவும்தான் என்று எனக்குத் தெரியும்.

கத்தரிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு சொல் ஒரு தடவைதான் வர வேண்டும். “நம்மாளுங்க ஒண்ணையே பத்து தடவ சொல்வாங்க. அப்படியே ஆங்கிலத்துல போட்டா, படிக்கிறவன் கொட்டாவி விடுவான்” என்பார். சிவப்புப் பேனாவை எடுத்தால் கை நிற்காது. அந்தச் சட்டத்தைப் பற்றி ஊழியர்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் ரசித்தேன். என் முப்பத்தொரு வழிகளுக்கும் வேலை கிடைத்தது அதனால்தானே.

ஒரு மதியம் அந்தப் பெண் மாடியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நாலு வயது, சுருள் முடி, என் மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரைக் கண்டதும் இறங்கி வந்து எடுத்துக்கொண்டது.

“மிளகு, வை அத” என்றாள் அம்மா.

“பேரே மிளகா?” என்றேன்.

“வீட்ல கூப்புடறது மேடம். சின்னதா இருந்தாலும் காரம் ஜாஸ்தி.”

அவள் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வெளிச்சம் போட்ட ஒரு வெள்ளைப் பலகைக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, வரிசையாகப் போகும் பாட்டில்களில் விரிசல், குமிழி, கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்று சொல்கிறோமே, அதுதான் அவளுடைய உத்தியோகம்.

“ஒரே பாட்டிலையே பாத்துட்டு இருந்தா தூக்கம் வராதா?” என்று கேட்டேன்.

“ஒரே பாட்டில் எங்க மேடம்? வேற வேற அச்சுலேருந்து வருது. பன்னெண்டு அச்சு. ஒரு பாட்டில்ல கீறல் இருந்தா எடுத்துப் போட்டுடுவேன், அவ்வளவுதான். ஆனா பன்னெண்டு பன்னெண்டு பாட்டிலுக்கு ஒரு தடவ அதே எடத்துல அதே கீறல் வந்துச்சுன்னா, கோளாறு பாட்டில்ல இல்ல. அச்சுல. உடனே மணி அடிச்சு நிறுத்திடணும்.”

இதை அவள் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

வந்த விஷயம் இது. மிளகுக்கு ஒரு வருஷமாக ஜுரம் வருகிறது, வாயில் புண் வருகிறது, மூன்று நாளில் போய்விடுகிறது. அப்புறம் மறுபடியும் வருகிறது. போன தடவை காதுக்குள் சீழ் வைத்து, அதற்கு முந்தைய தடவை மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. குழந்தை டாக்டருக்கே பயம் வந்துவிட்டது. “ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெருசா வருது. எனக்குப் புடிபடல” என்று சொல்லி, கடல் தாண்டியிருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். புரியாத நோய்களை மட்டும் பார்க்கிற நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில், ஒரே ஒரு பக்கத்தில், வீட்டார் பார்த்ததை எழுதி அனுப்ப வேண்டும். இதுதான் நிபந்தனை.

அவள் ஒரு சின்ன நோட்டை நீட்டினாள். உள்ளங்கையளவு, வேலை உடுப்பின் பையில் வைத்து மூலை மடங்கிப் போனது. ஜுரம் வந்தபோதெல்லாம் எழுதியிருக்கிறாள். புரட்டினேன்.

‘காலை ஷிப்ட், நாலாம் நாள். மறுபடியும் ஜுரம். வாயில் புண்.’

‘காலை ஷிப்ட், நாலாம் நாள். மறுபடியும் ஜுரம். வாயில் புண். சாப்பிடவில்லை.’

‘காலை ஷிப்ட், நாலாம் நாள். மறுபடியும் ஜுரம்.’

இப்படியே பதினெட்டு பக்கம். தேதி ஒன்றுகூட இல்லை.

“தேதி போட்டிருக்கலாமேம்மா?”

“எங்க ஃபேக்டரில தேதியே கெடையாது மேடம். சூளைய அணைக்கவே மாட்டாங்க, லீவு நாள்னு ஒண்ணும் இல்ல. எல்லாம் ஷிப்ட் கணக்குதான்.” இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷிப்டைப் பற்றிப் பேச அவளுக்கு இஷ்டமில்லை என்று தோன்றியது. நான் அதைத் தோண்டவில்லை.

அவள் போன பிறகு உட்கார்ந்தேன். பதினெட்டு பக்கம், ஒரே வாக்கியம். கத்தரியின் சட்டம் ஒரு பக்கம், நிபுணர்களின் நிபந்தனை ஒரு பக்கம். எனக்குக் கை பரபரத்தது. அம்மாவின் வேலை நேரத்துக்கும் குழந்தையின் ஜுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஷிப்டை எல்லாம் முதலில் வெட்டினேன். மிச்சமிருந்ததை நாலு அழகான பத்திகளாக்கினேன். குழந்தைக்கு ‘ஃப்ரம் டைம் டு டைம்’ ஜுரம் வருகிறது. ‘எவ்ரி நௌ அண்ட் தென்’ வாயில் புண். ‘ஆன் மெனி அக்கேஷன்ஸ்’ சாப்பிட மறுத்தாள். ஒரு சொல்கூட இரண்டாம் தடவை வரவில்லை. கத்தரி படித்துவிட்டு சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவளுக்காக நான்தான் பிரித்துப் படித்தேன். நாலு வரி. சிறு குழந்தைகளுக்கு ‘ஃப்ரம் டைம் டு டைம்’ ஜுரம் வருவது சகஜம், கடிதத்தில் உள்ளபடி பார்த்தால் தனியாகப் பரிசோதிக்க எதுவும் தென்படவில்லை, வளர வளரச் சரியாகிவிடும், வணக்கம்.

என் சொல்லையே எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நல்ல செய்திதானே என்று அவளுக்கு போன் போட்டுச் சொன்னேன். “சரிங்க மேடம். அப்ப நாத்தனார் சொன்னதுதான்” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து நேரில் வந்தாள். இந்தத் தடவை மிளகு அவளோடு வரவில்லை.

“ஒரு ராஜினாமா கடிதம் எழுதணும். எங்க மேனேஜ்மென்டுக்கு இங்கிலீஷ்ல குடுத்தாதான் எடுத்துப்பாங்க.”

“நல்ல வேலைதானே. ஏன் விடறீங்க?”

“காரணத்தையும் எழுதணுமாம். எழுதிக்குங்க. நான் காலை ஷிப்ட் போறப்பல்லாம் எம் பொண்ணுக்கு ஜுரம் வருது. அதனால வேலைய விடறேன்.”

நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்து நின்றேன். ‘போறப்பல்லாம்.’ இதற்கு எதைப் போடுவது? ‘ஆஃபன்’ என்றால் அடிக்கடி. ‘ஆல்மோஸ்ட் ஆல்வேஸ்’ என்றால் பெரும்பாலும். ‘எவ்ரி டைம்’ என்றால் ஒன்று விடாமல். தமிழில் கோபத்தில் ஒரு ‘எல்லாம்’ போட்டுவிடுவோம், யாரும் எண்ணிக்கை கேட்க மாட்டார்கள். என் கணவர் நான் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறேன். பத்துக்கு ஆறு தடவை எடுக்கிறார். ஆகவே வழக்கம்போல் கேட்டேன். தொழில் பழக்கம், வேறு எந்த யோசனையும் இல்லை.

“போறப்பல்லாம்னா, அடிக்கடியா? இல்ல ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

“அப்படிச் சொல்லாதீங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கும்ல?”

“ஒண்ணுகூட தப்பல மேடம். காலை ஷிப்ட் வாரம் வந்தா நாலாம் நாள் வந்துடும். ரெண்டு தடவ மட்டும் அஞ்சாம் நாள் வந்துச்சு. மாலை ஷிப்ட்டுல வந்ததில்ல. நைட் ஷிப்ட்டுல வந்ததில்ல. நோட்டுலதான் இருக்கே.” அவள் குரல் உடைந்தது. “நைட்டுன்னா அவள தூங்க வெச்சுட்டுப் போவேன். மாலைன்னா சோறு ஊட்டிட்டுப் போவேன். காலை ஷிப்ட்டுக்குத்தான் அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கே போயிடறேன். கண்ணு முழிச்சா அம்மா இல்ல. மூணு நாள் தாங்கறா, நாலாம் நாள் ஏக்கத்துல விழுந்துடறா. நாத்தனார் ஒரு வருஷமா சொல்றாங்க, நீ அந்தப் புள்ளய ஏங்க வெச்சே கொல்லப் போறன்னு. டாக்டர்கிட்ட இத நான் சொல்லல. சொன்னா அவரும் அதத்தான சொல்வாரு? அந்தப் பெரிய ஆஸ்பத்திரியாவது வேற ஏதாவது சொல்லும்னு பாத்தேன். அவங்களும் நோய் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.”

நான் கீபோர்டைத் தள்ளி வைத்தேன்.

“உங்க ஷிப்ட் எப்படி மாறும்?”

“ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் நைட். மறுபடி காலை.”

“வாரம் எந்தக் கிழமை ஆரம்பிக்கும்?”

“திங்க.”

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலாம் நாள் வியாழக்கிழமை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. இருபத்தொரு நாள்.

சுவரில் தொங்கிய பெரிய காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேஜையில் போட்டேன். போன வருஷத்துக் காலண்டர் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது, அதையும் தூசி தட்டி எடுத்தேன். “மருந்துச் சீட்டு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். பையைக் கவிழ்த்தாள். டாக்டரைப் பார்க்க முடிந்தபோது பார்த்திருக்கிறாள், வெள்ளி, சனி, ஒரு தடவை திங்கள். சீட்டில் இருந்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஜுரம் வந்த நாளில் சிவப்புப் புள்ளி வைத்தேன். சீட்டு இல்லாத இடத்தை அவளுடைய ஷிப்டை வைத்து நிரப்பினேன். கத்தரியின் சிவப்புப் பேனாதான். அவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார், பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.

பதினெட்டு புள்ளிகள். பக்கத்தைப் புரட்டப் புரட்ட, வியாழக்கிழமைப் பத்தியிலேயே மேலிருந்து கீழாக இறங்கின. இரண்டு மட்டும் ஒரு கட்டம் தள்ளி வெள்ளியில் நின்றன. மழை மாதத்திலும் அப்படித்தான், வெயில் மாதத்திலும் அப்படித்தான். 

மிளகு அன்று என் மேஜையருகே நின்று ஸ்டேப்ளர் பின்களை எண்ணியது ஞாபகம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, பத்து என்று எண்ணிய குழந்தை அது. அந்த உடம்புக்குள் ஏதோ ஒன்று ஒரு வருஷமாக இருபத்தொரு நாளைப் பிசகாமல் எண்ணிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடிகாரமும் காலண்டரும் கிடையாது. தூங்கும்போதும் விளையாடும்போதும் எண்ணியிருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை அந்த அம்மா தப்பில்லாமல் பதினெட்டு தடவை எழுதிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்திருந்தாள். அதை நான் அழகாக இல்லை என்று வெட்டிப் போட்டேன். அந்த நிமிஷம் என்னைப் போல ஒரு முட்டாள் பூமியில் இல்லை என்று தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

“பாட்டில் பத்தி சொன்னீங்களே” என்றேன். “பன்னெண்டு பாட்டிலுக்கு ஒரு தடவ அதே கீறல் வந்தா என்னன்னு?”

“அச்சுல கோளாறு.”

“அப்புறம் ஏம்மா…”

“தெரியும் மேடம்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “அந்த அச்சு நான்தான்னு நெனச்சுட்டு இருக்கேன்.”

அவள் நினைத்தது தப்பு என்று நிரூபிக்க அந்தக் காலண்டரில் எதுவும் இல்லை. உடம்பும் ஷிப்டும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தன. எது எதைச் சுற்றுகிறது என்று புள்ளிகள் சொல்லாது.

ராஜினாமா கடிதத்தை அடிக்கவில்லை. “ஒரு மாசம் பொறுங்க. மொதல்ல நான் செஞ்ச தப்ப நான் சரி பண்றேன்” என்று சொல்லி, நான் அவளுடைய நோட்டை என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “எனக்கும் ஷிப்ட் பத்தி எழுதாம விட்டது நிம்மதியாத்தான் இருந்துச்சு அக்கா” என்றாள். அன்றுதான் மேடம் அக்காவானது.

புதிய கடிதத்தின் முதல் வரிக்கு முப்பத்தொரு வழிகளில் எதுவும் உதவவில்லை. எல்லாவற்றிலும் யாருடைய அலுப்போ, கோபமோ, அலட்சியமோ ஒட்டியிருந்தது. கடைசியில் ‘எவ்ரி தர்ட் தர்ஸ்டே’ என்று எழுதினேன். ஒவ்வொரு மூன்றாவது வியாழக்கிழமையும். பேருந்து நிலையத்து அட்டவணையில் இருக்கிற மொழி அது. என் நோட்டில் அதைச் சேர்க்கவே எனக்குத் தோன்றியிருக்காது. அதற்குக் கீழே பதினெட்டு வரிகள், தேதியோடு. அவள் எழுதியது போலவே: காலை ஷிப்ட், நாலாம் நாள், மறுபடியும் ஜுரம்.

கத்தரி பக்கத்தைக் கையில் எடுத்தார். “அகராதி, இது மொழிபெயர்ப்பா, பள்ளிக்கூடத்து இம்போசிஷனா?”

“சார், இதுல ஒரு வார்த்தைய நீங்க வெட்டினீங்கன்னா அந்த ராஜினாமா கடிதத்துல என் பேர எழுதி உங்ககிட்ட குடுத்துடுவேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பதினெட்டு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தார். உதடு அசைந்தது. “வேணாம், இருக்கட்டும்” என்று சொல்லி, முத்திரையைத் தானே எடுத்துத் தானே குத்தினார். மை காய்ந்திருந்ததால் நாலு தடவை குத்த வேண்டியிருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பதில் மூன்றாம் நாளே மின்னஞ்சலில் வந்தது. முதல் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். தப்பு என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்குக் கீழே: ‘இதுவரை ஜுரம் வந்த பிறகு ரத்தம் எடுத்திருக்கிறீர்கள். வருவதற்கு முன்னால் எடுங்கள். அடுத்த மூன்றாவது வியாழக்கிழமைக்கு முந்தைய திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும். குழந்தை நன்றாக இருந்தாலும் எடுங்கள். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைத் தனியாக எண்ணுங்கள். அந்த வியாழன் ஜுரம் வந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள்.’

அவள் அந்த வாரம் முழுக்க லீவு போட்டாள். ஒரு வருஷத்தில் காலை ஷிப்ட் வாரத்தில் அவள் வீட்டில் இருப்பது அதுதான் முதல் தடவை. லீவு மருத்துவத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வியாழக்கிழமை ஜுரம் வராவிட்டால் நாத்தனார் ஜெயித்துவிடுவாள். ஏக்கம்தான் நோய், அம்மாதான் காரணம் என்று முடிந்துவிடும். ஒரு குழந்தைக்கு ஜுரம் வர வேண்டும் என்று இரண்டு பெண்கள் மனதுக்குள் காத்துக்கொண்டிருப்பது எவ்வளவு அசிங்கமான காரியம். நாங்கள் அதை வாய் விட்டுச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நானும் போனேன். மிளகு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். ஏறுவாள், குதிப்பாள், ஏறுவாள், குதிப்பாள். ரத்தம் எடுக்கிறவர் எரிச்சலோடு பார்த்தார்.

“நேத்தும் வந்தீங்க. இந்தப் புள்ளைக்கு என்ன குறைச்சல்னு மறுபடியும் ஊசி குத்தச் சொல்றீங்க? என்னை விட நல்லாருக்கு.”

“எடுங்க தம்பி. நாளைக்கும் வருவோம்” என்றாள் அவள்.

அன்று மாலையே குழந்தை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கடிதம் எழுதியவள் என்பதால் என் நம்பரையும் வாங்கி வைத்திருந்தார். “ரிப்போர்ட் வந்திருக்கு. அந்த வெள்ளை அணு கிட்டத்தட்ட பூஜ்யம். நேத்தைய விட இன்னிக்குக் கம்மி. மெஷின் கோளாறான்னு ரெண்டு தடவ போட்டுப் பாக்கச் சொன்னேன். குழந்தை இப்ப என்ன பண்ணுது?”

“லேப்ல நாற்காலியிலேருந்து குதிச்சுட்டு இருந்தா டாக்டர்.”

“இருபது வருஷமா டாக்டரா இருக்கேன்” என்றார் அவர். “அணு இல்லாதப்ப குழந்தை நல்லாருக்கு. ஜுரம் வந்து எங்கிட்ட வர்றதுக்குள்ள அணு திரும்பி வந்துடுது. ஒவ்வொரு தடவையும் நான் திறந்து பாக்கறப்ப வீடு நிறைய ஆளு. திருடன் வந்தது ஆளில்லாதப்ப. பாருங்களேன், மூணு வாரத்துக்கு ஒரு தடவ எலும்புக்குள்ள அந்தப் பட்டறைய யாரோ மூடிட்டுத் தெறக்கறாங்க.” இதற்கு ஊசி மருந்து இருக்கிறது, தொடர்ந்து போட்டால் குழந்தை நன்றாக வளரும் என்றும் சொன்னார். அவர் குரலில் இருந்தது பயம் இல்லை. கோயில் வாசலில் நிற்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்களே, அது.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் வீடு ஒரு அறையும் சமையலறையும். கதவருகே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பை கட்டித் தயாராக இருந்தது. தெருமுனையில் டாக்சிக்குச் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் கட்டிலின் ஓரத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். நல்லவள்தான். குழந்தையை ஒரு வருஷம் தூக்கிச் சுமந்தவள் அவள், பயத்தைக் கோபமாகக் காட்டத் தெரிந்தவள். 

காலை முழுக்க மிளகு விளையாடினாள். அம்மா திங்கட்கிழமையிலிருந்து அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. கண் முழிக்கும்போது அம்மா, சாப்பிடும்போது அம்மா. குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒன்று ஆயிற்று.

“நான்தான் சொன்னேன்ல” என்றாள் நாத்தனார் மெதுவாக. “அம்மா கூட இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் வராது.”

மிளகின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று இருக்கிறது, டாக்டர் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் அவளுக்கு அது காகிதம். நோட்டு வேறு. நோட்டு அவள் கையெழுத்து.

மூன்று மணி இருக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பட்டன்களைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்த மிளகு கையை நிறுத்தினாள். எழுந்து வந்து அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

“வாய் வலிக்குதும்மா.”

அம்மா நெற்றியில் கை வைத்தாள். அப்புறம் கழுத்தில். அப்புறம் மறுபடி நெற்றியில். நான் தெர்மாமீட்டரை நீட்டினேன், அவள் வாங்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதாள்தான், ஆனால் பன்னிரண்டாவது பாட்டிலைக் கையில் பிடித்துவிட்ட முகம் அது.

“நான் எங்கயும் போகல” என்றாள். நாத்தனாரைப் பார்த்துத்தான் சொன்னாள். “பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? நாலு நாளா நான் எங்கயும் போகல.”

நாத்தனார் எழுந்து வந்தாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் இன்னொரு கையால் அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “வா, கெளம்பு” என்றாள். “பைய நான் எடுத்துக்கறேன்.”

டாக்சியில் மிளகு அத்தையின் மடியில் சூடாகத் தூங்கினாள். அம்மா தன் வேலை உடுப்பின் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தாள். லீவில் இருந்தும் அந்த உடுப்பையே போட்டிருந்தாள் என்று அப்போதுதான் கவனித்தேன். வண்டி குலுங்கியதால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பத்தொன்பதாவது வரி.

‘காலை ஷிப்ட், நாலாம் நாள். மறுபடியும் ஜுரம். வாயில் புண். நான் வீட்டில் இருந்தேன்.’

ஒரு சொல்லையும் வெட்டாமல் அப்படியே ஆங்கிலத்தில் அனுப்பினேன்.